முதன்மை எண்ணின் சொந்தக்காரி

நான் எளிதில் எதையும் நம்புகிறவள் இல்லை. முப்பது வருடமாக என் கணவர் இதை ஒரு குறையாகச் சொல்லிவருகிறார். நான் திறமை என்றே எண்ணிவருகிறேன். வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரர் ஒரு பக்கச் செவுளைத் தூக்கிக் காட்டினால், மற்றப் பக்கத்தையும் தூக்கச் சொல்லுவேன். பால்மாப் பெட்டியில் திகதி இரண்டு இடத்தில் அடித்திருந்தால், இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். எங்கள் மாடிக் குடியிருப்பில் லிப்ட் திருத்தியாகிவிட்டது என்று அறிவித்தல் ஒட்டினால் அன்று முழுவதும் படியில்தான் ஏறுவேன்.

அப்படிப்பட்டவளிடம் வந்து, "கொட்டாஞ்சேனைக்குப் போய் பழைய ஒஃபீஸ் ஆக்களைச் சந்திச்சிட்டு வாறன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? இவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அலுவலகம் மூடப்பட்டுவிட்டது. அங்கே வேலை செய்தவர்களில் பாதிப் பேர் கனடாவில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் பேரின் செத்தவீட்டுக்கு நானே கூடப் போயிருக்கிறேன். யாரைச் சந்திக்கப் போகிறார்?

ஒருநாள் இரண்டுநாள் என்றால் விட்டிருப்பேன். கிழமை நாட்கள் ஐந்தும் காலை ஒன்பது மணிக்குக் குளித்துச் சவரம் செய்து புறப்பட்டார், ஒரு மணிக்குத் திரும்பினார். கேட்டால் பதில் ஒரு சொல்லில் வந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் அவருக்கு ஒரு சிறிய ஸ்ட்ரோக் வந்து போயிருந்தது. ஒரு நாள் முழுக்க வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பிறகு சரியாகிவிட்டது. தனியாகப் பஸ்ஸில் திரிய வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் காதிலேயே போடவில்லை.

அந்த வருத்தத்துக்காகக் கிளினிக்குக்குப் போனபோது நடந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டொக்டர் இவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு போகச் சொன்னார். "தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தெட்டு" என்றார் இவர். பக்கத்துக் கதிரையில் இருந்த நான், "எழுபத்தொன்பது!" என்று கத்திவிட்டுச் சிரித்தேன். டொக்டர் சிரிக்கவில்லை. திரும்பி ஆட்டோவில் வரும்போதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கப்பல் கொம்பனியிலை முப்பத்தைஞ்சு வருசமும் இப்பிடித்தானோ கழிச்சனீங்கள்?" என்றேன். இவர் வெளியே காலி வீதிக் கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பகிடி விளங்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

கொட்டாஞ்சேனைப் பயணம் மூன்றாவது வாரத்தில் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை பின்னேரம், இவருடைய சட்டையைத் தோய்க்க எடுத்தேன். தோய்க்குமுன் பைகளைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். நாலாக மடித்து விளிம்பு நைந்துபோன ஒரு சிறு கடதாசி வந்தது. இவருடைய கையெழுத்து. மேலே 'முதன்மை எண்' என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தது. கீழே 2147483647.

வேறொன்றுமில்லை. பெயர் இல்லை, விலாசம் இல்லை. பத்து இலக்கம். எங்கள் தொலைபேசி எண்களுக்கும் பத்து இலக்கம்தான். படிவம் நிரப்பும்போது எத்தனை தரம் பார்த்திருக்கிறேன், முதன்மைத் தொலைபேசி எண் என்று ஒரு கட்டமும் மாற்று எண் என்று இன்னொரு கட்டமும். அப்படியென்றால் இந்தப் பெண்ணுக்கு இரண்டு போன் இருக்கிறது. ஆம், பெண் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆணுடைய எண்ணை யார் பெயரில்லாமல் எழுதிவைப்பார்கள்?

என் போனில் அந்த எண்ணை அடித்தேன். அப்படி ஓர் இலக்கம் பாவனையில் இல்லை என்று மூன்று மொழியிலும் சொல்லியது. மூன்று மொழியிலும் நம்பவில்லை. கடதாசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, காலி வீதியில் போனுக்குக் காசு ரீலோட் போடும் கடைக்கு இறங்கினேன். கடைக்கார முஸ்லிம் நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது எங்கட நாட்டு நம்பர் இல்லயே. முன்னுக்கு சைபர் எங்க?"

"சைபர் போட்டும் அடிச்சுப் பாத்தன். போகுதில்லை."

"அப்ப வெளிநாடா இரிக்கும். யார்ட நம்பர் இது?"

"சொந்தக்காரர் ஒராள்" என்றேன்.

சொந்தக்காரர் யார் என்று தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணை அவர் பார்த்த பார்வை, நான் மீனைப் பார்க்கும் பார்வைதான். கடதாசியைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று இவர் சட்டைப்பைகளை எல்லாம் துழாவிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அந்த 'ஒன்றுமில்லை'யையும் நான் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை இவர் புறப்பட்டு ஐந்து நிமிடம் கழித்து நானும் இறங்கினேன். மட்டக்குளி பஸ்ஸுக்கு இவர் நின்றுகொண்டிருந்தார். இவர் முன் வாசலால் ஏற, நான் குடையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பின் வாசலால் ஏறினேன். கொண்டக்டர் விடவில்லை. "இஸ்ஸரஹட யன்ன, இஸ்ஸரஹட யன்ன" என்று முன்னுக்குப் போகச் சொல்லி என்னை நெருக்கினார். முன்னுக்குப் போனால் இவர் மடியில்தான் போய் இருக்க வேண்டும். இப்போது இறங்கப்போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். பம்பலப்பிட்டியில் சொன்னேன், கொள்ளுப்பிட்டியில் சொன்னேன், புறக்கோட்டை வந்தபோது கொண்டக்டர் என்னைப் பைத்தியம் என்று முடிவு செய்து விட்டுவிட்டார்.

கொட்டாஞ்சேனையில் இவர் இறங்கி ஓர் ஒழுங்கைக்குள் நடந்தார். நடை தளம்பவில்லை. வழி தெரிந்தவருடைய நடை. ஒரு வீட்டுக் கேற்றில் 'கணிதம், தரம் 6 முதல் 11 வரை' என்று பலகை தொங்கியது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அப்போது என்ன டியூசன்? கதவைத் திறந்தவர் ஒரு பெண். எங்கள் வயதுதான். நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தார், கழுத்தில் சிலுவை. இவர் ஒரு வார்த்தை பேசாமல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வார்த்தை தேவைப்படாத அளவுக்குப் பழக்கம்!

எதிரே இருந்த பேக்கரியில் பால் விடாத ஒரு பிளேன்ரீயை வைத்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் இருந்தேன். சீனி போட மறந்து, அதைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் அது பயம். முப்பது வருடத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் இவர்தான் என்பது அங்கே இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவரும் இல்லையென்றால் நான் யாரிடம் போய் நிற்பது? எழும்பிப் போய்க் கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தேன்.

முன் விறாந்தையை அடைத்து வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். கரும்பலகை, பிள்ளைகள் உட்கார நாலு வரிசை வாங்கு. சின்னப் பிள்ளைகளின் வாங்கில், முழங்கால் மேசையில் இடிக்க, இவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்தார். முன்னால் ஏதோ பழைய வினாத்தாளின் பின்பக்கம், முழுக்க இலக்கங்கள். அந்தப் பெண் பக்கத்தில் பென்சிலோடு நின்றார். என்னைக் கண்டு இருவரும் திடுக்கிடவில்லை. அதில் எனக்கு இன்னும் கோபம் ஏறிவிட்டது. கைப்பையிலிருந்து கடதாசியை எடுத்து மேசையில் அடித்து வைத்தேன்.

"இந்த முதன்மை எண் ஆரின்ரை?"

அந்தப் பெண் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒருத்தரின்ரையும் இல்லை. முதன்மை எண்ணுக்குச் சொந்தக்காரர் இருக்கினமே?"

இவர் தலை நிமிராமல் சொன்னார்: "இனி அது முதன்மை எண்ணும் இல்லை. இண்டைக்கு நாற்பத்தேழாலை வகுபட்டுட்டுது."

எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அந்த டீச்சர்தான், ஆம், அவர் ஓய்வு பெற்ற கணித டீச்சர், என்னைப் பிடித்து வாங்கில் இருத்தினார். "முதன்மை எண் எண்டால் பிரைம் நம்பர். ஒண்டாலையும் தன்னாலையும் மட்டும்தான் மீதி இல்லாமல் வகுபடும். பள்ளிக்கூடத்திலை படிச்சிருப்பீங்களே?"

"பகா எண்ணோ?" என்றேன்.

இனக்கலவரத்தோடு பத்து வயதில் எங்கள் குடும்பம் திருச்சிக்குப் போனது. என் படிப்பு முழுக்க அங்கேதான். அங்கே அதற்குப் பகா எண் என்று பெயர். பகுக்க முடியாதது. இங்கே முதன்மை எண் என்று படித்திருக்கிறார்கள். கணக்கைப் பற்றி நானும் இவரும் முப்பது வருடத்தில் ஒரு நாளாவது பேசியிருந்தால் இது தெரிந்திருக்கும். ஒரு பகா எண்ணுக்குப் போன் எடுத்த முதல் பெண் நானாகத்தான் இருக்க வேண்டும்.

மிச்சத்தையும் டீச்சரே சொன்னார். இவர்கள் இரண்டு பேரும் ஏ லெவலில் ஒரே கணித வகுப்பு. அங்கே படிப்பித்த சேர் இந்த எண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதி அழிக்காமல் வைத்திருந்தாராம். இரண்டை முப்பத்தொரு தரம் போட்டுப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. ஒரு காலத்தில் உலகம் அறிந்த முதன்மை எண்களில் இதுதான் மிகப் பெரியது. மெஷின் ஒன்றும் இல்லாத நாளில், எந்த எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று யோசித்துக் குறைத்துக் குறைத்து, ஒருவர் கையாலேயே அதை நிறுவினாராம். ஸ்ட்ரோக் வந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு இவர் டீச்சரைத் தேடி வந்து, காலையில் காலியாகக் கிடக்கும் வாங்கில் ஓர் இடம் கேட்டிருக்கிறார்.

ஒரு நாளைக்கு ஒரு முதன்மை எண். முதல் நாள் இரண்டால் வகுத்தார், அடுத்த நாள் மூன்றால், பிறகு ஐந்து, ஏழு, பதினொன்று. இந்தப் பெரிய எண் எதற்கும் மடங்காது. ஒவ்வொரு நாளும் ஏதாவது மீதி வந்தே தீரும். என்றைக்காவது மீதி சைபர் வந்தால் பிழை எண்ணில் இல்லை, தன் மண்டையில்தான் என்று இவருக்குத் தெரிந்துவிடும். வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை. வகுத்து முடித்ததும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்.

"பக்கத்திலை இருந்து ஒருத்தரும் சிரிக்காத சோதனை ஒண்டு வேணும் எண்டார்" என்று டீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடி சொன்னார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கிளினிக் கதிரையில் இருந்து நான் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது. ஆனாலும் என் புத்தி போகுமா? "பிழையா வகுத்தாலும் ஏதோ ஒரு மீதி வருந்தானே? சைபர் வந்தால் மட்டுந்தானே பிழை எண்டு தெரியும்?" என்று கேட்டேன்.

டீச்சர் என்னை முதல் தரம் மரியாதையோடு பார்த்தார். "அதுக்காகத்தான் நானும் ஒவ்வொரு நாளும் திருப்பி வகுத்துப் பாக்கிறனான். பதினாலு நாளும் சரி. இண்டைக்கும் ரெண்டு தரம் பாத்திட்டன். வகுத்ததிலை ஒரு பிழையும் இல்லை. ஆனால் சைபர் வருது. எனக்கு விளங்கேல்லை."

இவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "இனி என்னைத் தனியப் பஸ்ஸிலை விடாதையும். நான் முடிஞ்சன். டொக்டரிட்டை நீரே சொல்லும்" என்றார்.

முப்பத்தைந்து வருடம் கப்பல்களின் பத்திரம் பார்த்த மனிதர் ஒரு பிள்ளை வாங்கில் இருந்து இப்படிச் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தேன். அங்கே அந்த எண் இரண்டு இடத்தில் இருந்தது. என் கடதாசியில் ஒன்று, இவருடைய தாளில் ஒன்று. இரண்டு இடத்தில் ஒரே திகதி அடித்திருந்தால் என் கண் சும்மா இருக்குமா?

கடதாசியில் 2147483647. தாளில் 2147843647.

"இதிலை நாலு எட்டு மூண்டு. அதிலை எட்டு நாலு மூண்டு" என்றேன்.

டீச்சர் குனிந்தார். வாயில் கையை வைத்தார். "ஐயோ, நான் வகுத்தலைத்தானே பாத்தன். எண்ணைப் பாக்கேல்லை."

"கடதாசியை நேற்றுத் தொடக்கம் காணேல்லை" என்றார் இவர் மெதுவாக. "பாடம்தானே எண்டு நினைவிலை இருந்து எழுதினன்." பிறகு மேசையில் கிடந்த கடதாசியைப் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். அது எப்படி என் கைப்பையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் தப்ப எனக்கு வழி இருக்கவில்லை. சட்டைப்பையைப் புரட்டியதையும் போன் எடுத்ததையும் ரீலோட் கடையையும் சொன்னேன். "நான் எடுத்தபடியால்தான் உங்களுக்குச் சைபர் வந்தது" என்றும் சொன்னேன். அழுதேன் என்றே எழுதலாம்.

இவர் கோபிக்கவில்லை. ஆனால் முகம் தெளியவும் இல்லை. "ஆனால் நான் மாத்தி எழுதினது எழுதினதுதானே?" என்றார். "எது சரி எண்டு இப்ப எப்பிடித் தெரியும்? கடதாசியை எழுதினதும் நான்தான்."

அது என்னுடைய கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. டீச்சர் ஒரு வெண்கட்டியை எடுத்து என் கையில் தந்தார். "ரெண்டிலை இருந்து இரட்டிச்சுக்கொண்டு வரட்டும். நீங்கள் எழுதுங்கோ. ஒருத்தரும் இடையிலை கதைக்கக் கூடாது." கடைசி வசனம் எனக்கு.

இரண்டு, நாலு, எட்டு என்று இவர் தொடங்கினார். பத்தாவது படியில் ஆயிரத்து இருபத்துநாலு. நான் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். இருபதாவதில் 1048576. எனக்குத் தலை சுற்றியது, இவருக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். இருபத்தேழாவது 134217728. இருபத்தொன்பதாவது 536870912 என்று சொல்லிவிட்டு நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். வெளியே ஒரு பாண்காரரின் வண்டிப் பாட்டு ஒழுங்கையைக் கடந்து போனது. எனக்கு அடுத்தது என்னவென்று தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"1073741824" என்றார். பிறகு நிறுத்தாமல், "2147483648. ஒண்டு போனால் அறுநூற்று நாற்பத்தேழிலை முடியும்."

கரும்பலகையையும் கடதாசியையும் பத்து இலக்கமும் ஒப்பிட்டேன். இரண்டு தரம். கடதாசிதான் சரி. அதே வாங்கில் இருந்து, சரியான எண்ணை நாற்பத்தேழால் மறுபடியும் வகுத்தார். மீதி இருபது. டீச்சர் இரண்டு தரம் பார்த்துச் சரி என்றார். மூன்று பேருக்கும் ரீ ஊற்ற உள்ளே போனார். நாங்கள் இருவரும் பிள்ளைகள் போல ஒரே வாங்கில் இருந்தோம். "அண்டைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றேன். "ஓம்" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை இவர் கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில், எனக்கு முன்னால், தாளை விரித்தார். கடதாசியைப் பார்த்து எண்ணை எழுதினார். அன்றைய முறை ஐம்பத்து மூன்று. நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டு வேறெங்கோ பார்ப்பதுபோல் இருந்தேன். அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது.

"இருபது" என்றார்.

வெள்ளிக்கிழமையும் இருபதுதானே? அதே விடையைச் சொல்கிறாரா? மூன்று நாளைக்கு முந்தைய எண் மண்டையில் ஒட்டிக்கொண்டு இன்றைக்கும் வந்துவிட்டதா? கத்தியை வைத்துவிட்டு, உப்பு எடுக்கப் போவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனேன். போனில் வகுத்தேன். விடையில் புள்ளிக்கு முன்னால் வந்த முழு எண்ணை ஐம்பத்து மூன்றால் திருப்பிப் பெருக்கினேன். 2147483627. இருபது குறைந்தது. மறுபடியும் அடித்தேன், மறுபடியும் இருபது. நாற்பத்தேழுக்கும் இருபது, ஐம்பத்து மூன்றுக்கும் இருபது. அந்த எண் அப்படித்தான். இவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். என் சந்தேகம் தோற்றுப்போனதில் நான் சந்தோசப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

உப்பில்லாமல் திரும்பி வந்தேன். இவர் பேனையை மூடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்குச் சந்தேகம் வந்தது, என்ன?"

"வந்தது."

"எனக்கும் வந்தது" என்றார். "அதுதான் மூண்டு தரம் வகுத்தனான்."

தாளை அவர் கிழிக்கவில்லை. அதன் மூலையில் நாளைக்கு என்று ஐம்பத்தொன்பதை எழுதினார். நான் அந்த நைந்த கடதாசியை எடுத்து, பழைய மடிப்பிலேயே நாலாக மடித்து, அவருடைய சட்டைப்பைக்குள் வைத்தேன்.